பாட்டாச் செருப்பில் வெட்டிய இலச்சினை

வன்னியில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் பழைய இலச்சினையைப் பார்க்க விரும்புகிறவர் மைதானத்துக்குப் போய்ப் பயனில்லை. செயலாளரின் வீட்டுக்குப் போக வேண்டும். கூட்ட அறிக்கைக் கொப்பி, வரவுசெலவுப் புத்தகம், மைப்பெட்டி எல்லாம் ஒரு பையில் கிடக்கும். அவற்றோடு ஒரு இறப்பர் முத்திரையும் கிடக்கும். அந்த முத்திரையின் நடுவில்தான் இலச்சினை. நான் சொல்வது எண்பதுகளில் தொடங்கி 2009 வரையான காலத்தை. அப்போது எங்கள் விளையாட்டுக்காரர் போட்டது கடையில் ஒரே நிறத்தில் வாங்கிய பெனியன். முதுகில் இலக்கம் இருக்கும். நெஞ்சில் ஒன்றும் இராது. எக்ஸ்ரே படத்தாளில் அச்சு வெட்டி, அதன் மேல் பெயின்ற் தடவி இலக்கம் போடுவோம். அந்த முறையில் சிறிய சின்னத்தைத் துணியில் இறக்க முடியாது. கோடுகள் கசிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஆனால் முத்திரை இல்லாமல் கழகம் நடத்த முடியாது. பந்து கேட்க, வலை கேட்க, மைதானத்துக்கு ஒதுக்கிய காணியின் எல்லையைக் காட்டித் தரும்படி கேட்க, சுற்றுப்போட்டிக்குப் பிரதம விருந்தினரை அழைக்க, அயல் கழகத்தைச் சிநேகபூர்வ ஆட்டத்துக்குக் கூப்பிட என்று எல்லாவற்றுக்கும் கடிதம் வேண்டும். தலைவர் கையொப்பம், செயலாளர் கையொப்பம், இரண்டுக்கும் நடுவில் ஊதா மையில் முத்திரை. அது இல்லாத கடிதத்தை விளையாட்டு உத்தியோகத்தர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். நான் பல ஆண்டுகள் எங்கள் கழகத்தின் செயலாளராக இருந்தவன். அந்த முத்திரையை என் கையால் எத்தனையோ கடிதங்களில் குத்தியிருக்கிறேன். இலச்சினை என்றதும் இன்றைக்கும் என் மூக்குக்கு வருவது அந்த மையின் மணம்.

எங்கள் ஊர் இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் ஒன்றின் கரையில் உள்ளது. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் கட்டத் தொடங்கி 1920இல் முடித்த குளம் அது. 1930களில் குடியேற்றத் திட்டம் வந்தபோது குடாநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் ஆட்கள் வந்து காடு வெட்டினார்கள். ஊருக்குப் பெயர் வைக்க முன்னரே வாய்க்காலுக்கு இலக்கம் வந்துவிட்டது. உருத்திரபுரப் பக்கத்தில் இன்றும் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று சொன்னால்தான் முச்சக்கரவண்டிக்காரருக்கு வழி தெரியும். 1958, 1977 இனக்கலவரங்களில் தெற்கிலும் மலையகத்திலும் அடிபட்டு வந்த குடும்பங்கள் இன்னும் உள்ளே போய்க் குடியேறின. ஆக எங்கள் கழகத்தில் முதன்முதலில் பந்து உதைத்தவர்களுக்குப் பொதுவான பரம்பரைக் கோயில் கிடையாது, பொதுவான சாதி கிடையாது, பொதுவான பேச்சு வழக்குக்கூடக் கிடையாது. பொதுவாக இருந்தது ஒரே துருசிலிருந்து, அதாவது மதகிலிருந்து, வந்த தண்ணீர்.

இலச்சினைக்கு என்ன கீறுவது என்று கூட்டம் போட்டபோது ஒருவர் பருந்து கேட்டார், ஒருவர் நட்சத்திரம் கேட்டார். எங்கள் சித்திர மாஸ்ரர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தண்ணி வந்தபடியால்தான் நாங்கள் வந்தனாங்கள். அதைக் கீறுவம்” என்றார். நடுவில் துருசுக் கதவு, அதற்குக் கீழே தண்ணீருக்கு மூன்று நெளிகோடுகள், மேலே ஒரு பந்து. சுற்றிவர வட்டமாக ஊரின் பெயரும் ‘விளையாட்டுக் கழகம்’ என்பதும். எங்கள் இலச்சினை இவ்வளவுதான். இன்றுவரை இதைவிடப் பொருத்தமான ஒன்றை எங்கள் ஊருக்கு நான் காணவில்லை.

முத்திரை செய்ய யாழ்ப்பாணம் போக வேண்டும். போக முடியாத காலங்கள் வந்தன. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் பழைய முத்திரை தேய்ந்து எழுத்து விழாமல் போனபோது, மாஸ்ரர் பாட்டாச் செருப்பின் குதிப்பக்கத்தை வட்டமாக அறுத்து, அரை பிளேட்டால் புதிய முத்திரையை வெட்டினார். எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். ‘ழ’ எழுத்துதான் அவரை வருத்தியது. வெட்டி முடித்த சில மாதங்களில் அதன் வால் முறிந்தது. அதன் பிறகு ‘கழகம்’ என்பதில் ‘ழ’ ஏறக்குறைய ‘ம’ போலத்தான் விழும். அயல் கழகங்களில் எங்கள் கடிதத்தைப் பார்ப்பவர்கள் அந்த முறிந்த வாலைப் பார்த்தே எங்களுடையது என்று உறுதி செய்தார்கள்.

இலச்சினை வைக்கும் பழக்கம் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தால் வந்தது. யாழ்ப்பாணத்தில் மிசனரிமார் தொடங்கிய கல்லூரிகள் சட்டைப் பொக்கற்றில் கேடயம் போன்ற சின்னத்தையும் அதற்குக் கீழே ஒரு வாசகத்தையும் கொண்டுவந்தன. சைவப் பாடசாலைகளும் பிறகு அரச பாடசாலைகளும் அதே கேடயத்துக்குள் குத்துவிளக்கையும் தாமரையையும் ஏட்டையும் பனையையும் வைத்தன. அங்கே படித்துவிட்டு வன்னிக்கு ஆசிரியராக வந்தவர்கள் கழகம் தொடங்கியபோது கையில் அந்த வடிவமும் வந்தது. இங்கிலாந்திலும் முதலில் இப்படித்தான். பழைய கழகங்கள் பல தங்கள் நகரசபையின் சின்னத்தை அப்படியே நெஞ்சில் தைத்துக்கொண்டன.

அவற்றில் எனக்குப் பிடித்தவை தொழிலாளரின் சின்னங்கள். ஆர்சனல் கழகத்தை 1886இல் தொடங்கியவர்கள் வூலிச்சில் இருந்த அரச படைக்கலத் தொழிற்சாலையின் வேலையாட்கள். அந்த ஊர்ச் சின்னத்திலிருந்த மூன்று பீரங்கிகளையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1913இல் கழகம் வடலண்டனுக்கு இடம் மாறியது. பீரங்கியும் கூடப் போனது. வெஸ்ற் ஹாம் கழகத்தின் இலச்சினையில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள் உண்டு. 1895இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் கப்பல் கட்டிய இரும்புத் தொழிற்சாலையின் ஆட்கள் தொடங்கிய கழகம் அது. கப்பல் தகட்டில் ஆணி அறைகிற சுத்தியல்கள் அவை. 1912இல் அந்தக் கப்பல் பட்டறை மூடப்பட்டது. சுத்தியல் மட்டும் இன்னும் ஒவ்வொரு கிழமையும் மைதானத்துக்கு வருகிறது. எங்கள் மாஸ்ரர் இந்தக் கதைகளை அறிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவர் துருசைக் கீறியபோது செய்தது அதே வேலை.

ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டில் பில்பாவோ நகரத்து அத்லெரிக் கழகத்தின் இலச்சினையைப் பற்றி வாசித்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை. 1898இல் தொடங்கிய கழகம். பாஸ்க் மண்ணைச் சேர்ந்தவர்களையும் அங்கே வளர்ந்து விளையாடப் பழகியவர்களையும் மட்டும் வைத்து விளையாடும் வழக்கத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறது. அதன் கேடயத்துக்குள் ஆற்றுப் பாலம் ஒன்றும் அதன் அருகே சென் அன்ரன் தேவாலயமும் உள்ளன. பழைய பிரபு குடும்பத்தின் இரண்டு ஓநாய்களும் உள்ளன. கூடவே ஒரு மரம். கெர்னிகா என்ற சிற்றூரின் ஓக் மரம். அந்த மரத்தடியில்தான் பிஸ்காயா மாகாணத்தின் ஆட்சியாளர்கள், மக்களின் உரிமைகளை மதிப்போம் என்று சத்தியம் செய்து பதவி ஏற்றார்கள். 1936 ஒக்ரோபர் 7ஆம் திகதி பாஸ்க் அரசின் முதல் தலைவராக அகிரே சத்தியம் செய்ததும் அதே மரத்தடியில்தான். அவர் இளமையில் அத்லெரிக் கழகத்துக்குப் பந்து விளையாடியவர். தான் ஆடிய கழகத்தின் இலச்சினையில் இருந்த மரத்தின் கீழேயே அவர் நின்றார்.

அடுத்த ஆண்டு 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் கெர்னிகாவின் மேல் குண்டு போட்டன. பிக்காசோவின் ஓவியத்தால் உலகம் அறிந்த ஊர் அது. ஊர் எரிந்தது. மரம் தப்பியது. அதே நாளில் பாரிசில் பாஸ்க் தேர்வணி ஒன்று தன் முதல் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. போரில் இடம்பெயர்ந்த மக்களுக்குப் பணம் சேர்க்கப் புறப்பட்ட அணி. ஊருக்குத் திரும்ப முடியாமல் ஐரோப்பா முழுதும் ஆடி, கடல் கடந்து மெக்சிக்கோவுக்குப் போய், அங்கே 1938-39 பருவத்தில் பாஸ்க் நாட்டின் பெயரிலேயே ஒரு கழகமாக நின்று லீக்கில் விளையாடியது. செய்தி கேட்ட அந்த இரவு அவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று வன்னியிலிருந்து பந்து விளையாட வெளியே போன எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

அந்த மரத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது ஒரே மரம் இல்லை. 1742இல் நட்ட மரம் பட்டுப்போன பிறகு அதன் அடிமரத்தைத் தூண்களுக்கு நடுவில் பாதுகாத்து வைத்தார்கள். 1860இல் நட்ட அடுத்த மரம்தான் குண்டுவீச்சைக் கண்டது. அது 2004இல் பட்டது. அதன் வித்திலிருந்து வந்த கன்றைப் பிறகு நட்டார்கள். இப்படி வழிவழியாக அங்கே எப்போதும் ஒரு கெர்னிகா மரம் நிற்கிறது. கழகத்தின் கேடயத்திலும் நிற்கிறது. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1941இல் கழகங்களின் பெயரில் அந்நியச் சொல் இருக்கக் கூடாது என்று கட்டளையிட்டு, ‘அத்லெரிக்’ என்பதை ஸ்பானிய வடிவத்துக்கு மாற்ற வைத்தது. 1972இல்தான் பழைய பெயர் திரும்பியது. 1976 டிசெம்பர் 5ஆம் திகதி, இன்னும் தடையிலிருந்த பாஸ்க் கொடியை அத்லெரிக்கின் தலைவர் இரிபாரும் எதிரணித் தலைவர் கொர்தபாரியாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி மைதானத்துக்குள் வந்தார்கள். இரண்டு அணிகளும் பகை அணிகள். அன்றைக்குக் கொடிக்காக ஒன்றாக நடந்தார்கள்.

பார்சிலோனாவிலும் பிராங்கோவின் கை விளையாடியது. 1910இல் போட்டி வைத்து இலச்சினையைத் தேர்ந்தபோது வென்ற வடிவம், கழகத்தில் விளையாடிய மருத்துவ மாணவர் கொமமாலாவின் கைவேலை என்று சொல்லப்படுகிறது. அதில் கற்றலோனியக் கொடியின் நான்கு சிவப்புக் கோடுகள் இருந்தன. பிராங்கோ காலத்தில் நான்கு இரண்டாகக் குறைக்கப்பட்டது. ஐம்பதாம் ஆண்டு விழா வந்த 1949இல்தான் நான்கும் திரும்பின. இரண்டு கோட்டுக்கு ஒரு அரசு பயப்படும் என்றால் அந்தக் கோடுகளின் கனம் எவ்வளவு என்று நாங்கள் யோசிக்க வேண்டும்.

1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது. அதற்கு முன்னரே நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம். ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவி என்று ஆட்கள் சிதறினார்கள். தறப்பாளும் அரிசியும் ஏற்றிய உழவியந்திரப் பெட்டியில் கழகப் பையும் வந்தது. அங்கே போய் ஆறுதலாக மூச்சு விட்டதும் பெடியள் பந்து தேடினார்கள். இன்னொரு ஊரின் மைதானத்தில், இன்னொரு கழகத்தின் தயவில் மாலை நேரம் கேட்டு எழுதிய கடிதத்தில் எங்கள் முத்திரையைக் குத்தினேன். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் ஒரு சனமும் இல்லை. வயல் பத்தை மண்டிக் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் திறக்க ஆளில்லை. ஊரின் பெயரும் துருசும் மூன்று கோடுகளும் கடிதத்தின் அடியில் இருந்தன. ஊரே கைவிடப்பட்டுக் கிடந்த அந்த ஆண்டுகளில் எங்கள் ஊரின் பெயர் எழுத்தில் இருந்த இடங்கள் மிகக் கொஞ்சம்: பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இந்தச் செருப்பு முத்திரை.

இடம்பெயர்ந்த சனம் ஒரு கழகத்தின் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குப் பெரிய உதாரணம் கல்கத்தாவில் உண்டு. அங்கே இரண்டு கழகங்கள். 1889இல் தொடங்கிய மோகன் பகானின் இலச்சினை பாய் விரித்த படகு. 1911 ஜூலை 29இல் ஈஸ்ற் யோக்சயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்று வென்று கேடயத்தைத் தூக்கிய கழகம் அது. பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி வென்றார்கள். மற்றது 1920இல் தொடங்கிய ஈஸ்ற் பெங்கால். அதன் இலச்சினை தீப்பந்தம். 1930இல் மேற்பிரிவுக்கு ஏறும் வாய்ப்பு மறுக்கப்பட்டபோது ஆதரவாளர்கள் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போனார்கள் என்றும் சின்னம் அங்கிருந்தே வந்தது என்றும் அந்தக் கழகத்தார் சொல்வார்கள். 1947இல் வங்காளம் பிரிந்தபோது கிழக்கிலிருந்து வீடு வாசலை விட்டு வந்த லட்சக்கணக்கான அகதிகள் இந்தத் தீப்பந்தத்தின் கீழ் சேர்ந்தார்கள். திரும்பிப் போக முடியாத ஊரின் பெயரைக் கழகம் தன் பெயரில் வைத்திருந்தது. அகதிக்கு அதைவிட என்ன வேண்டும்? அவர்களின் பேரப்பிள்ளைகள் கிழக்கு வங்காளத்தைக் கண்ணால் கண்டதில்லை. மைதானத்தில் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டுக் கத்துகிறார்கள்.

நாங்கள் திரும்பினோம். 2002இல் சண்டை ஓய்ந்தபோது கழகமும் நிமிர்ந்தது. 2008இன் கடைசியில் மீண்டும் வெளிக்கிட்டோம். தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே கிழக்கே போய், கடைசியில் போக இடமில்லாமல் நின்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வழியில் கழகப் பை தவறியது. எந்த இடத்தில் என்று சொல்ல எனக்கு நினைவில்லை, நினைக்கவும் விருப்பமில்லை. பையோடு போனவை முத்திரை, கூட்ட அறிக்கைகள், அணிகளின் படங்கள். எங்களோடு பந்து உதைத்தவர்கள் பலரும் அந்த வழியிலேயே போனார்கள். அவர்களைச் சொல்லிவிட்டு முத்திரையைச் சொல்வது எனக்கு லேசான காரியம் இல்லை. ஆனாலும் அவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள், இந்த நிறத்தில் விளையாடினார்கள் என்பதற்கு எழுத்தில் இருந்த சாட்சி அந்தப் பைதான்.

போர் முடிந்து, செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ஊருக்கு விட்ட பிறகு கழகத்தை மறுபடி பதிவுசெய்யப் போனோம். விண்ணப்பத்தில் முத்திரை கேட்டார்கள். துருசு தெரியும், மூன்று கோடு தெரியும். ஆனால் துருசுக் கதவின் பக்கத்தில் கம்பி இருந்ததா? பந்து தைத்த பந்தா, வெறும் வட்டமா? ஆளுக்கொரு விதமாகக் கீறினார்கள். மாஸ்ரர் அப்போது உயிரோடு இல்லை. கடைசியில் கனடாவில் இருக்கும் எங்கள் பழைய கோல்காப்பாளர் தன் சான்றிதழ்களுக்குள் தேடி, ஒரு சுற்றுப்போட்டியில் நாங்கள் கொடுத்த பாராட்டுச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினார். மூலையில் ஊதா மை மங்கி இருந்தது. பந்து தைத்த பந்து. கம்பி உண்டு. அந்த மங்கலைப் பெரிதாக்கி, கோடு கோடாகப் பார்த்து எங்கள் இலச்சினையை மீட்டோம். இப்போதைய முத்திரை வவுனியாவில் கொம்பியூட்டரில் செய்தது. ‘ழ’வுக்கு வால் உண்டு.

இதைச் சொல்ல வந்ததற்குக் காரணம் இன்றைய ஜேர்சிகள். ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் புதிய சீருடை அடிக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் காசு அனுப்புகிறார்கள். அது நல்ல காரியம். துணி முழுவதும் நிறம் ஏற்றும் அச்சு வந்தபடியால் எவ்வளவு நுணுக்கமான இலச்சினையையும் நெஞ்சில் பதிக்கலாம். எங்களால் செய்ய முடியாததை இவர்கள் செய்ய முடியும். ஆனால் நெஞ்சில் வருவது என்ன? இணையத்தில் கிடைக்கும் ஓநாய்த் தலை, கேடயத்துக்குள் கழுகு, அல்லது பார்சிலோனாவின் இலச்சினையிலேயே எழுத்தை மட்டும் மாற்றி ஊரின் பெயர். அந்த நான்கு கோடுகளுக்காக ஒரு சனம் பட்ட பாட்டை அறிந்தவன் அவற்றை எடுத்துத் தன் நெஞ்சில் போட மாட்டான். அது வேறு ஒருவரின் தாய்வீட்டுத் திருநீற்றுத் தட்டம். பெரிய கழகங்களும் தங்கள் சின்னத்தைச் சும்மா விடுவதில்லை. ஆர்சனல் 2002இல் இலச்சினையைப் புதிதாக வரைந்ததற்கு ஒரு காரணம், பழையதற்குப் பதிப்புரிமை பெற முடியாதிருந்தது. அவர்கள் தங்களுடையதைச் சட்டம் போட்டுக் காக்கிறார்கள். எங்களுடையதை நாங்கள் கீறக்கூட இல்லை.

கீற என்ன இல்லை இங்கே? யாழ்ப்பாண அரசர்கள் சேது நாணயங்களில் படுத்த நந்தியையும் அதற்கு மேலே பிறையையும் பொறித்தார்கள். முல்லைத்தீவுக் கோட்டையை 1803 ஓகஸ்டில் பிடித்த பண்டாரவன்னியனின் பெயரில் கழகங்களும் கிண்ணங்களும் உண்டு. ஆனால் ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் நின்ற கல், 1803 ஒக்ரோபர் 31இல் கப்ரன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததைச் சொல்ல வெள்ளைக்காரர் நட்ட கல். வன்னியின் நினைவை வன்னி தானே கீற வேண்டும் என்பதற்கு அந்தக் கல்லே போதும். வடமாகாண சபை இருந்த காலத்தில் மாகாணத்துக்கென்று மரமாக மருதத்தையும், மலராக வெண்தாமரையையும், விலங்காக ஆண்மானையும், பறவையாகப் புலுணியையும் தெரிந்தார்கள். புலுணி அழகில் பெரிய பறவை இல்லை. ஆனால் தனியே திரியாது. ஒன்று கத்தினால் மற்றதெல்லாம் ஓடிவரும். நடுக்கள வீரர்களுக்கு அதைவிட நல்ல சின்னம் நான் அறியேன். முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் உண்டு, கரைவலை உண்டு. நெடுங்கேணிப் பக்கம் பாலையும் முதிரையும் உண்டு. மாரியில் வேலியோரம் தானாகப் பூக்கும் கார்த்திகைப்பூவும் உண்டு. அதைக் கீற முதல் எங்கள் பெடியள் ஒருதரம் யோசிக்கிறார்கள். ஒரு பூவைக் கீற யோசிக்க வேண்டிய நிலை ஒரு சனத்துக்கு இருக்கக் கூடாது.

துயரத்தையும் இலச்சினையில் வைக்கலாமா என்று எங்கள் கழகத்தில் ஒரு பேச்சு வந்தது. லிவர்பூல் வைத்தது. 1989 ஏப்ரல் 15இல் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலில் சிக்கி அதன் ஆதரவாளர்கள் 97 பேர் இறந்தார்கள். 1993இல் இலச்சினையின் இரு புறமும் இரண்டு அணையாத சுடர்களைச் சேர்த்தார்கள். எங்கள் பக்கத்தில் இறந்தவர்களை ஞாபகார்த்தக் கிண்ணத்தில் வைக்கிறோம். அநேகமாக ஒவ்வொரு சுற்றுப்போட்டியும் ஒருவரின் பெயரில் நடக்கிறது. மேசையில் படம் வைத்து, விளக்கேற்றி, தாயோ தகப்பனோ கிண்ணத்தைக் கொடுக்கிறார்கள். நான் சுடர் சேர்க்க வேண்டாம் என்ற பக்கம் நின்றேன். கிண்ணம் ஒவ்வொரு ஆண்டும் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. அந்தப் பெயர்கள் ஒரு சுடருக்குள் அடங்கி மறைவதை நான் விரும்பவில்லை. இளைய உறுப்பினர் சிலர் இதை ஏற்கவில்லை. அவர்களுடைய நியாயமும் எனக்கு விளங்குகிறது.

தமிழ் வழக்கத்திலிருந்து எடுத்த ஒன்றைத் துணிந்து நெஞ்சில் வைத்த பெரிய கழகம் சென்னையின் எஃப்சி. 2014இல் தொடங்கிய கழகம். 2015இலும் 2017-18 பருவத்திலும் இந்தியன் சுப்பர் லீக்கை வென்றது. அதன் இலச்சினை திருஷ்டிப் பொம்மையின் முகம். எங்கள் பக்கத்தில் புதுவீட்டு முகப்பிலும் பயிர் நிற்கும் தோட்டத்திலும் வைக்கிற வெருளியின் சொந்தக்காரன். பணக்காரக் கழகமே ஒரு குயவனின் பொம்மையிடம் போயிருக்கிறது என்றால், துருசும் வள்ளமும் புலுணியும் சின்னம் ஆகாதா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பழைய கழக முத்திரைகளை நான் சேர்த்து வருகிறேன். ஒரு பெரிய கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, கழகம் எந்த வாய்க்கால், எந்தக் குளம், எந்தக் கரை, சின்னத்தைக் கீறியவர் யார், அவர் என்ன வேலை செய்தார் என்று தெரிந்த அளவில் எழுதுகிறேன். முழு முத்திரை கிடைப்பது அரிது. அநேகமாகப் பாதி வட்டம்தான் கிடைக்கும், மற்றப் பாதி கையொப்பத்தின் கீழ் மறைந்திருக்கும். தேட வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். பாராட்டுச் சான்றிதழின் கீழ் மூலை. 2009க்கு முன் வெளிநாடு போன அண்ணன்மாரின் சூட்கேசு. சுற்றுப்போட்டி நுழைவுப் பத்திரம். பற்றுச்சீட்டுக் கட்டின் அடிக்கட்டை. பழைய மரக் கேடயத்தின் பின்பக்கம், பித்தளைத் தகட்டின் கீழே கடதாசி ஒட்டியிருந்தால் அது. சனசமூக நிலையத்துக் கொப்பிகளில் கறையான் அரிக்காமல் மிஞ்சிய தாள்கள். எது கிடைத்தாலும் பகல் வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வையுங்கள், அளவு தெரிய வேண்டும். தாளை இரும்புப்பெட்டியில் பூட்டிவைக்க வேண்டாம், பொலித்தீனில் சுற்றவும் வேண்டாம், மாரியில் வியர்த்து மை பரவிவிடும். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் தட்டையாக வைத்தால் போதும். ஆட்டத்தில் யார் வென்றது என்று நினைவிருந்தால் அதையும் படத்தோடு எழுதி வையுங்கள்.